ஜாலிபாய் மணல்

அந்தமானின் பத்துபஸ்தியிலிருந்து விடிந்ததும் கிளம்பினால், வண்டூர் துறையில் படகேறி மதியத்துக்கு முன்பே ஜாலிபாய் தீவில் கால் வைத்துவிடலாம். 1983-இல் அறிவிக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவின் 15 தீவுகளில் இதுவும் ஒன்று. ஆள் குடியிருப்பு கிடையாது. இரவு தங்க முடியாது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை.

இறங்கியதும் எல்லாரும் பவளம் பார்க்கக் கண்ணாடிப் படகைத் தேடுகிறார்கள். அதற்குமுன் காலடியில் இருக்கும் மணலைக் குனிந்து பாருங்கள். மெரினா மணலில் பெரும்பகுதி பாறை உடைந்து வந்த துகள். இங்கே பளீரென்று கிடப்பதோ பவளம், சிப்பி, சுண்ணாம்பு சேர்க்கும் கடற்பாசி ஆகியவற்றின் பொடி. எலுமிச்சைச் சாறு பட்டால் நுரைக்கும். ஏதோ ஓர் உயிர் கட்டிய சுண்ணாம்பு அது.

இதைப் பொடியாக்குவதில் அலைக்குப் பங்கு உண்டு. ஆனால் என்னை அசரவைப்பது கிளிமீன்தான். முகமூடி மாட்டிக்கொண்டு தலையை நீரில் அமிழ்த்தினால் 'கறுக் கறுக்' என்று கேட்கும். அது பவளப்பாறையைக் கடிக்கும் சத்தம். பாறையின் மேலும் உள்ளும் வளரும் நுண்ணிய பாசிதான் அதற்கு இரை. அதற்காகப் பாறையையே சுரண்டி விழுங்குகிறது. தொண்டைக்குள் இன்னொரு பல்வரிசை, அம்மி போல அரைக்கிறது. இரைப்பை என்று தனியாக ஒன்று இல்லை. சத்து போக மிஞ்சியது வெள்ளைப் புகையாய்ப் பின்னால் கொட்டுகிறது. பெரிய மீன் ஒன்று ஆண்டுக்குச் சில நூறு கிலோ மணலைக்கூடத் தரும்! நாம் துண்டு விரித்துப் படுக்கும் கரையில் கணிசமான பங்கு மீன் வயிற்றின் வழியே வந்தது.

பவளத்தின் மேல் பாசி அடர்ந்துவிடாமல் காப்பதும் இந்த மேய்ச்சல்தான். 2010 கோடையில் கடல் சூடேறியபோது, பவளப்பூச்சிகள் தங்களுக்குள் தங்கி உணவூட்டும் நுண்பாசியை வெளியேற்றிவிட்டன. அந்தமான் பவளம் பெருமளவில் வெளிறியது. வெளிறிச் செத்த பாறையைப் பாசி சீக்கிரம் மூடிவிடும். கிளிமீன் மேய்ந்து துப்புரவாக்கினால்தான் புதுப் பவளக்குஞ்சு ஒட்டி வளர இடம் கிடைக்கும்.

பவளம் போனால் கரை என்னாகும் என்பதற்குத் தூத்துக்குடியே சாட்சி. மன்னார் வளைகுடாவில், கட்டடத்துக்கும் சுண்ணாம்புக் காளவாய்க்கும் பல்லாண்டுகள் பவளம் வெட்டினார்கள். அலையைத் தடுத்த அரண் போயிற்று, மணல் கரைந்தது. அங்கிருந்த 21 தீவுகளில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி இரண்டும் கடலுக்கடியில் போய்விட்டன. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவைக் காப்பாற்ற, இப்போது செயற்கைப் பவளப்பாறைகளைக் கடலில் இறக்கியிருக்கிறார்கள்.