வெள்ளைப் புகைக்குழாய் பழுப்பாவது ஏன்?

மீர்ஷாம் ஒரு வெண்ணிறக் கனிமம். மெக்னீசியம், சிலிக்கான், ஆக்சிஜனோடு நீரும் சேர்ந்த இதைக் கனிமவியலில் செபியோலைட் என்பார்கள். துருக்கியின் எஸ்கிஷெஹிர் இதற்குப் பேர்போன ஊர். 19ஆம் நூற்றாண்டில் வியன்னாவின் கைவினைஞர்கள் இதில் தலைப்பாகை அணிந்த முகங்களையும் குதிரைகளையும் செதுக்கிப் புகைக்குழாய்களாக்கினார்கள்.

கல்லில் இத்தனை நுணுக்கம் எப்படி?
ஈரமாக இருக்கையில் கத்திக்கு எளிதில் வெட்டுப்படும், காய்ந்தால் இறுகிவிடும். உள்ளே நுண்துளைகள் நிறைந்திருப்பதால் காய்ந்த கட்டி தண்ணீரில் மிதக்கும்.

நிறம் ஏன் மாறுகிறது?
செதுக்கிய குழாயைச் சூடான தேன்மெழுகில் முக்கி எடுப்பார்கள். புகைக்கும்போது தாரும் நிகோட்டினும், புதுப்பானை நீரை உறிஞ்சுவது போல, அந்தத் துளைகளுக்குள் இழுக்கப்படுகின்றன. சூட்டில் இளகும் மெழுகோடு அவை மேற்பரப்பு வரை பரவ, வெள்ளை மஞ்சளாகி, ஆண்டுக்கணக்கில் பழுப்பாகிறது.

பழையதைச் சீர்செய்வது எப்படி?
தண்ணீரில் ஊறவைக்கக் கூடாது. கல் மறுபடி மென்மையாகிவிடும். கிண்ணத்தின் உட்சுவரில் படிந்த கரியைப் பதமாகச் சுரண்ட வேண்டும். விட்டுவைத்தால் அடுத்த சூட்டில் கரி விரிந்து கிண்ணம் விரிசல் விடும். வாய்க்குழல் அம்பர் என்றால் ஆல்கஹால் படக் கூடாது, பளபளப்பு போய்விடும்.

தேனி, கம்பம் பக்கம் எப்படிப் பாதுகாப்பது?
தேன்மெழுகு சுமார் 62 டிகிரி செல்சியசில் உருகத் தொடங்கும். சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டால் மெழுகு இளகி மெருகு கெடும். நிழலான, காற்றோட்டமுள்ள அலமாரியே போதும்.

அலமாரியோடு நிற்பதே நல்லது. குழாய்க்கு நிறமேற்றும் புகையிலைப் புகை வாயிலும் தொண்டையிலும் புற்றுநோயை உண்டாக்கும்.