புண்ணும் இரணமும்

புதுக்கோட்டை நகரைச் சேர்ந்த திருக்கோகர்ணத்தில் பழைமையான குடைவரைக் கோயிலும், 1910ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அருங்காட்சியகமும் உள்ளன. அருங்காட்சியகத்தில் பண்டைப் படைக்கலங்களைக் காண்போர், அவை விளைத்த புண்களை எண்ணாமல் இரார். புண்ணைக் குறிக்க 'இரணம்' என்றொரு சொல்லும் நம்மிடையே உண்டு. பேச்சில் 'ரணம்' என ஒலிக்கும் அச்சொல்லின் வரலாறு சுவையானது.

வடமொழியில் 'வ்ரணம்' என்பது புண்; 'ரணம்' என்பது போர். வேறு வேறான இவ்விரு சொற்களும் தமிழில் 'இரணம்' என்னும் ஒரே வடிவம் பெற்றன. முன்னது 'விரணம்' எனவும் வழங்கும். ஆகவே, 'இரணகளம்' என்பதற்குப் புண்பட்டோர் கிடக்கும் களம் எனப் பொருள் கொள்ளுதல் பொருந்தாது. போர்க்களம் என்பதே அதன் பொருள். 'இரண வைத்தியம்' என்பதோ புண்ணை ஆற்றும் மருத்துவம். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தவர் சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்கர். ஆங்கில அறுவை மருத்துவ நூலொன்றைத் தமிழாக்கி 1867இல் வெளியிட்டபோது, அதற்கு இப்பெயரையே அவர் சூட்டினார். அரும்பணி அது! இக்காலத்தில் 'அறுவை மருத்துவம்' என்பதே பெருவழக்காகிவிட்டது.

'புண்' என்பது நம் மொழிக்கே உரிய சொல், பரந்த பொருளுடையது. மார்பில் வேல் பாய்ந்ததும் புண். வாயில் கொப்புளம் உடைந்ததும் புண். முகத்திலும் மார்பிலும் பட்டதை விழுப்புண் என்று போற்றியும், முதுகில் பட்டதைப் புறப்புண் என்று நாணியும் வாழ்ந்தனர் பழந்தமிழர். மருத்துவர் பகுக்கும் முறை வேறு. வெளிப்பொருள் தாக்கித் தசை கிழிவது காயம். தோலோ உள்ளுறுப்பின் மென்படலமோ அரிக்கப்பட்டுக் குழிவது புண். இரைப்பைப் புண்ணுக்குக் கவலையும் காரமுமே காரணம் என நெடுங்காலம் நம்பினர். பாவம், மிளகாய் பழி சுமந்தது! 1982இல் ஆஸ்திரேலிய அறிஞர்களான வாரனும் மார்ஷலும் அங்கு வாழும் நுண்ணுயிர் ஒன்றை வளர்த்துக் காட்டினர். அதனை அழிக்கும் மருந்துகளால் பலருடைய புண் ஆறலாயிற்று. 2005இல் அவ்விருவரும் நோபல் பரிசு பெற்றனர்.

காயமே புண்ணாக மாறுவதும் உண்டு. நீரிழிவு முற்றியோர்க்குக் காலில் உணர்ச்சி குன்றுவதால், முள் தைத்ததும் தெரிவதில்லை. வலியில்லாமையால் அதனைப் பொருட்படுத்தாது விடுவர். அது ஆறாப் புண்ணாகிக் காலையே இழக்கச் செய்தலும் உண்டு. வாய்ப்புண்ணும் மூன்று வாரங்கட்கு மேல் ஆறாதிருப்பின், வலியில்லையாயினும், மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். 'புண்' என்று மட்டும் சொல்லி வருவோரை, "எவ்வாறு வந்தது? எத்தனை நாளாயிற்று?" என மருத்துவர் வினவுவது இதன்பொருட்டே.