மாப்பிள்ளை செருப்புக்கு பேரம்... பாகிஸ்தான் கல்யாணத்தில் குழந்தைகளுக்கு என்ன வேலை?

பாகிஸ்தான் கல்யாணம்னாலே சிவப்பு லெஹங்கா, டோல் சத்தம், பிரியாணி எல்லாம்தான் நினைவுக்கு வரும். ஆனால் லாகூர், கராச்சி போன்ற ஊர்களில் பல நாள் நடக்கும் கல்யாணத்தில் ரொம்ப பிஸியாக இருப்பவர்கள் வீட்டுக் குழந்தைகள்தான். மணப்பெண்ணின் எட்டு வயது தங்கை அங்கே என்னென்ன பார்ப்பாள்?

டோல்கி, மெஹந்தி என்றால் என்ன?

கல்யாணத்துக்கு முந்தைய மாலைகளில் உறவுப் பெண்கள் வீட்டில் கூடிப் பாடுவதுதான் டோல்கி. ஒருவர் மத்தளம் வாசிக்க, இன்னொருவர் அதன் மரத்தில் கரண்டியால் தட்டுவார். அந்தக் கரண்டிக்குத்தான் குழந்தைகளிடையே போட்டி!

மெஹந்தி இரவில் மணப்பெண்ணின் உள்ளங்கையில் ஒரு இலையை வைப்பார்கள். ஒவ்வொருவராக வந்து அதில் மருதாணி வைத்து, தலையில் எண்ணெய் தொட்டு, வாயில் இனிப்பு ஊட்டுவார்கள். திருஷ்டி கழிப்பதுபோல பணத்தைத் தலைக்கு மேல் சுற்றுவதும் உண்டு. அந்தப் பணம் ஏழைகளுக்கோ வேலையாட்களுக்கோ போகும்.

யார் யாருக்கு என்ன உறவு என்று குழந்தைக்குப் புரிவதும் இங்கேதான். அம்மாவின் சகோதரி காலா, அப்பாவின் சகோதரி புப்போ. அம்மாவின் சகோதரர்? நம்ம ஊர் மாமாதான், அங்கே மாமு!

செருப்பை ஏன் ஒளிக்கிறார்கள்?

மாப்பிள்ளை ஊர்வலமாக வரும் நாள், பாராத். ஊர்வலத்தில் வீசப்படும் ரூபாய் நோட்டுகளைப் பொறுக்க சிறுவர்கள் ஓடுவார்கள். நிக்காஹ் முடிந்ததும் உலர்ந்த பேரீச்சம்பழம் கொடுப்பார்கள்.

அடுத்து 'ஜூத்தா சுப்பாய்'. மணப்பெண்ணின் தங்கைகள் மாப்பிள்ளையின் செருப்பை ஒளித்துவைத்து, பணம் கொடுத்தால்தான் ஆச்சு என்று அடம்பிடிப்பார்கள். மாப்பிள்ளைக்குப் பால் கொடுத்துப் பணம் கேட்பது 'தூத் பிலாய்'. கேட்ட தொகை ஒன்று, கிடைப்பது ஒன்று. ஆனாலும் பெரியவர்கள் முன்னால் ஒரு சிறுமி சத்தமாகப் பேரம் பேசலாம், யாரும் திட்ட மாட்டார்கள்.

இதெல்லாம் மதச் சடங்கா?

நிக்காஹ், மஹர், மாப்பிள்ளை வீட்டார் தரும் வலீமா விருந்து ஆகியவை மார்க்கம் சார்ந்தவை. மெஹந்தியும் செருப்பு விளையாட்டும் இந்தியத் துணைக்கண்டத்துப் பழக்கம். எல்லையின் இந்தப் பக்கமும் இந்து, சீக்கியத் திருமணங்களில் இவை உண்டு. மார்க்கத்தில் இல்லை என்று இவற்றைத் தவிர்க்கும் குடும்பங்களும் பாகிஸ்தானில் இருக்கின்றன.

குழந்தை பார்க்காத ஒரு பேரம்

அதே நாளில் அக்கா கையெழுத்துப் போடும் தாள், நிக்காஹ்நாமா. 1961-ம் ஆண்டு முஸ்லிம் குடும்பச் சட்ட அவசரச் சட்டத்தின்படி திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும். படிவத்தின் 13-வது பத்தியில் மஹர் தொகை. 18-வது பத்தி கேட்பது: விவாகரத்து செய்யும் அதிகாரத்தை மனைவிக்கும் கணவர் வழங்குகிறாரா?

வழங்கினால், பிற்காலத்தில் தேவைப்பட்டால் அவரே விவாகரத்து செய்யலாம். இல்லையென்றால், கணவர் சம்மதிக்காதபோது குலா கேட்டு நீதிமன்றம் ஏற வேண்டும். ஆனால் பல நிக்காஹ்நாமாக்களில் இந்தப் பத்தி மணப்பெண்ணிடம் கேட்கப்படாமலே அடிக்கப்படுகிறது. 'நல்ல நாளில் விவாகரத்துப் பேச்சா?' என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் காரணம்.

கடைசியாக ருக்சதி. தலைக்கு மேல் குர்ஆனைப் பிடித்தபடி மணப்பெண்ணை வழியனுப்புவார்கள். காலையிலிருந்து சிரித்துக்கொண்டிருந்த வீடே அழும். ஏன் அழுகிறார்கள் என்று தெரியாமல், செருப்புக்கு வாங்கிய பணத்தைக் கையில் பிடித்தபடி தங்கையும் அழுவாள்.

அவளுக்கும் ஒரு நாள் அந்தத் தாள் நீட்டப்படும். செருப்புக்குப் பேரம் பேச அவளுக்குச் சொல்லித் தந்தவர்கள், 18-வது பத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும் என்பதே அங்குள்ள பெண்ணுரிமை ஆர்வலர்களின் கோரிக்கை.