வாசலில் இரண்டு பெயர்

புதுக் குடித்தனம் வைப்பது என்பது நம் நாட்டில் ஊர் கூடித் தேர் இழுக்கும் காரியம். பால் காய்ச்ச நாள் பார்த்துச் சொல்பவர் ஒருவர். பாத்திர பண்டங்களைச் சுமந்து வருபவர் ஒருவர். "ஈசானிய மூலையில் கட்டிலைப் போடாதே" என்று அதட்டுபவர் மற்றொருவர். கடல் கடந்து செல்லும் இளந்தம்பதிகளுக்கோ இந்தப் பரிவாரம் கிடையாது. இருப்பவை நான்கு கைகள்தாம். அந்த நான்கும் ஒன்றுபோல் உழைக்கின்றனவா என்பதைப் பொறுத்ததே அக்குடித்தனத்தின் க்ஷேமம். உத்தியோகத்தின் பொருட்டு இன்று நம் பிள்ளைகள் பலர் செல்லும் ஜெர்மனி தேசத்தை உதாரணமாகக் கொண்டு இதைச் சற்றே ஆராய்வோம்.

அங்கே வாடகையில் இருவகை உண்டு. வீட்டுக்கு மட்டும் கொடுப்பது 'குளிர் வாடகை'. வீட்டைச் சூடாக்கும் செலவு முதலியவற்றையும் சேர்த்தால் 'சூட்டு வாடகை'. முன்பணம் மூன்று மாதக் குளிர் வாடகைக்கு மேற்படலாகாது என்பதும், அதை மூன்று தவணைகளாகச் செலுத்தலாம் என்பதும் அந்நாட்டுச் சட்டம்.

சாவியைப் பெற்று உள்ளே நுழைந்தால், பல வீடுகளில் ஒரு விநோதம் காத்திருக்கும். சமையலறை என்று ஓர் அறை இருக்கும். அதில் குழாய்க்கும் மின்சாரத்துக்கும் இணைப்பு இருக்குமேயன்றி, அடுப்போ தொட்டியோ அலமாரியோ இராது. முன்பு குடியிருந்தவர் அவற்றைக் கழற்றிக்கொண்டு போயிருப்பார். விளக்குத் தொங்கவேண்டிய இடத்தில் வெறுங் கம்பி தலைநீட்டும். ஆகவே பத்திரத்தில் கையெழுத்திடுமுன் இதைக் கேட்டறிவது புத்திசாலித்தனம். முன்னிருந்தவரிடமே விலை பேசி அச்சாமான்களை வாங்கிக்கொள்ளும் வழக்கமும் உண்டு.

குளிர்காலத்தில் ஜன்னல்களை மூடிவைத்துச் சாம்பாரைக் கொதிக்கவிட்டு, ஈரத் துணியையும் உள்ளேயே உலர்த்தினால் சுவரில் பூஞ்சணம் பூக்கும். நாளைக்குச் சில முறை, ஐந்து பத்து நிமிஷம் ஜன்னல்களை அகலத் திறந்துவைப்பதே பரிகாரம். இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரையிலும், ஞாயிறு முழுவதும் அமைதி காப்பது அங்கே ஆசாரம். கிரைண்டரை ஓட்டுபவரும் சுவரில் ஆணி அடிப்பவரும் இதை நினைவில் வைக்கவேண்டும். ஞாயிறன்று கடைகளும் பொதுவாக அடைத்திருக்கும். பருப்புத் தீர்ந்துவிட்டது என்பதைச் சனிக்கிழமையே கண்டுபிடிப்பது உத்தமம்!

இவை எல்லாம் சில மாதங்களில் பழகிவிடும். மிக முக்கியமான விஷயம் வேறொன்று.

குடிபுகுந்த இரண்டு வாரங்களுக்குள், வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சான்றுடன் நகராட்சி அலுவலகத்தில் விலாசத்தைப் பதியவேண்டும். அதன் பிறகு வரி எண் தபாலில் வரும். வங்கிக் காகிதங்கள் பலவும் அப்படியே. ஆனால் அடுக்கு வீடுகளில் பெரும்பாலும் கதவுக்கு இலக்கம் கிடையாது. தபால்காரர் பார்ப்பது தபால் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் ஒட்டியுள்ள பெயரைத்தான். பெயர் இல்லையேல் கடிதம் திரும்பிப் போய்விடும்.

இங்கேதான் தமிழ்க் குடும்பத்துக்கு ஒரு சிக்கல் நேர்கிறது. நமக்குக் குலப்பெயர் வைக்கும் வழக்கம் அருகிவிட்டது. கணவனுக்கு அவன் தந்தையின் பெயர் கடைசியில் நிற்கும். மனைவிக்கோ பெரும்பாலும் அவள் தந்தையின் பெயர். கணவன் தன் பெயரை மட்டும் பெட்டியில் ஒட்டிவிட்டு அலுவலகம் சென்றால், அவன் கடிதங்கள் வந்து சேரும். மனைவியின் கடிதங்கள் வாரா. வீட்டைத் துடைத்து, விளக்கேற்றி, சமைத்து வைத்தவள் அந்நாட்டுத் தபாலின் கண்ணுக்கு அவ்வீட்டில் இல்லாதவளாகிறாள்!

இது வெறும் காகித விஷயம் என்று தள்ளிவிடலாகாது. வாடகைப் பத்திரத்தில் இருவரும் கையெழுத்திட்டால் வீட்டில் உரிமையும் இருவருக்கு. வாடகைப் பொறுப்பும் இருவருக்கு. உயர்கல்வி பெற்றோருக்கான 'நீலக் கார்டு' பெற்று வேலைக்குச் செல்பவரின் மனைவியும் அங்கே எந்த வேலையும் பார்க்கச் சட்டம் இடந்தருகிறது. புதிதாக வருவோருக்கென ஏற்பட்ட பொதுவான வகுப்பில் 600 மணி நேரம் மொழியும், 100 மணி நேரம் அந்நாட்டின் சட்டமும் சரித்திரமும் வாழ்க்கை முறையும் கற்பிக்கிறார்கள். பட்டம் பெற்ற பெண்ணொருத்தி இவற்றையெல்லாம் விட்டு, கணவன் திரும்பும் வரையில் ஜன்னலருகே பனி பெய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பதென்றால், அவள் குடித்தனம் செய்கிறாள் என்பதா, சிறையிருக்கிறாள் என்பதா?

1983-ஆம் ஆண்டுக்குப் பின் அடைக்கலம் தேடி அந்நாட்டுக்குச் சென்ற ஈழத் தமிழர்கள், ஹாம் நகரில் காமாட்சி அம்பாளுக்குக் கோபுரத்துடன் கோயில் எழுப்பி 2002-இல் கும்பாபிஷேகம் செய்தார்கள். அன்னிய மண்ணிலும் நம்மவர் வேரூன்ற முடியும் என்பதற்கு அது சாட்சி. ஆணும் பெண்ணும் சேர்ந்து நின்றாலன்றி அவ்வேர் இறங்காது.

ஆகவே பெண்ணை அயல்நாட்டுக்கு அனுப்பும் பெற்றோர்களே, பெட்டியில் ஊறுகாயையும் அப்பளத்தையும் அடுக்குங்கள்; வேண்டாமென்று சொல்லவில்லை. கூடவே அவளுடைய பட்டங்களையும் விவாகப் பதிவுப் பத்திரத்தையும் பத்திரமாக வைத்து அனுப்புங்கள். தொலைபேசியில் மாப்பிள்ளையின் சம்பளத்தை விசாரிக்குமுன், "அம்மா, தபால் பெட்டியில் உன் பெயரும் இருக்கிறதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.