நாய்க்கும் ஒரு கரண்டி கீரை

கீரையால் வரும் கெடுதலை விட அதில் சேரும் வெங்காயத்தாலும் பூண்டாலும் வரும் கெடுதல் அதிகம்.

பெங்களூர்த் தெருக்களில் பொழுது விடிந்ததும் 'சொப்பு... சொப்பு' என்ற குரல் கேட்டுவிடும். தண்டு, பாலக், வெந்தயக் கீரை, இந்த ஊர்க்காரர்களுக்கு உயிரான சப்பசிகே என்று வண்டியில் அடுக்கிய கட்டுகளில் ஒன்றிரண்டு வீட்டுக்குள் வருகின்றன. இறைச்சியே நுழையாத வீடுகளில் வளரும் நாய்களுக்கு இங்கே பஞ்சமில்லை. தயிர்ச் சாதத்தோடு அவற்றின் தட்டில் கீரை மசியலும் விழுகிறது. சத்தான சாப்பாடு போட்டோம் என்று வீட்டுக்காரர்களுக்குத் திருப்தி.

அந்தத் திருப்தியில் பாதி நியாயமானதுதான். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் மாலதி ராகவனும் சக ஆய்வாளர்களும் ஸ்காட்டிஷ் டெரியர் நாய்களைப் பற்றி நடத்திய ஆய்வு 2005-ல் வெளியானது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு அதிகம் ஆளாகும் இனம் இது. வாரத்துக்கு மூன்று முறையாவது காய்கறி தின்ற நாய்களுக்கு அந்த நோய் வரும் வாய்ப்பு குறைவு என்றும், கீரை வகைகளைத் தின்றவற்றுக்கு இன்னும் குறைவு என்றும் அது கண்டது. ஒரே இனத்தைப் பற்றிய, வளர்ப்பவர்கள் சொன்ன தகவலை நம்பிய ஆய்வு. அதை வைத்து எல்லா நாய்க்கும் கீரையை மருந்தாக்கிவிட முடியாது. ஆனால் கீரை நாய்க்கு ஆகாது என்ற பழைய பேச்சு இனி எடுபடாது.

ஆபத்து மசியலின் மற்றப் பாதியில் இருக்கிறது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. பச்சையாக இருந்தாலும் வதக்கினாலும் பொடித்தாலும் இந்த நஞ்சு போவதில்லை. உடல் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் போதும், ரத்தத்தில் கோளாறு தெரியும். பத்து கிலோ நாய்க்கு இது ஏறத்தாழ இரண்டு நடுத்தர வெங்காயம். தினம் கொஞ்சமாகப் போனாலும் சேர்ந்து கெடுக்கும். எடைக்கு எடை பூண்டு இன்னும் கடுமையானது. கீரைக்காரரின் வண்டியிலேயே இருக்கும் வெங்காயத்தாளும் இந்தக் கூட்டம்தான்.

கொடுமை என்னவென்றால், அறிகுறிகள் அன்றே தெரிவதில்லை. நாய் சோர்ந்து படுப்பதும், ஈறு வெளுப்பதும், சிறுநீர் டீத்தண்ணி நிறத்தில் போவதும் பெரும்பாலும் சில நாள் கழித்துத்தான். அதற்குள் என்ன போட்டோம் என்பதே வீட்டில் மறந்திருக்கும். ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாலும், பக்கத்துத் தெரு டாக்டரிடம் போனாலும், முந்தைய ஒரு வாரச் சாப்பாட்டை நினைவுபடுத்திச் சொல்வது பாதி வைத்தியம்.

அடுத்தது ஆக்சலேட். பாலக், தண்டுக்கீரை, கொடிப்பசலை மூன்றிலும் இது அதிகம். ஆரோக்கியமான நாய்க்கு எப்போதாவது ஒரு கரண்டி போவதால் கெடுதல் இல்லை. சிறுநீரகக் கோளாறு உள்ள நாய்க்கும், கால்சியம் ஆக்சலேட் கல் ஏற்கெனவே வந்த நாய்க்கும் இவை வேண்டாம். ஷிட்சு, லாசா ஆப்சோ, பொமரேனியன், மினியேச்சர் ஷ்னாசர் போன்ற சிறிய இனங்களில் இந்தக் கல் அதிகம் வருகிறது. கீரை ஒன்றே கல்லை உண்டாக்கிவிடும் என்பதில்லை. பரம்பரைக்கும் பங்கு உண்டு. ஆனால் மருந்திலோ பத்தியத்திலோ கரையாத கல் இது. பல நாய்களுக்கு அறுவை சிகிச்சைதான் வழி.

தீர்வு கன்னட வீட்டுச் சமையலறையிலேயே இருக்கிறது. 'பஸ்ஸாரு' செய்பவர்கள் கீரையையும் பருப்பையும் வேகவைத்து, நீரை வடித்துச் சாறுக்கு எடுத்துக்கொண்டு, வெந்ததைப் பல்யாவாகத் தாளிப்பார்கள். ஆக்சலேட்டில் ஒரு பெரும்பங்கு அந்த நீரோடு போய்விடுகிறது. உப்புப் போடாமல் வேகவைத்து, தாளிப்பதற்கு முன் ஒரு கரண்டியை எடுத்து மசித்துவிட்டால் அது நாயின் பங்கு. கீரையின் நார்ச்சுவரை உடைக்கும் நொதி நாயிடம் இல்லை. அதனால் பச்சை இலையாகப் போட்டால் பாதி அப்படியே வெளியே வரும்.

அளவும் முக்கியம். வழக்கமான உணவுக்கு மேல் கொடுக்கும் எல்லாம் சேர்ந்து நாளின் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்களின் பொதுக் கணக்கு. சோறும் கீரையும் மட்டுமே போட்டு நாயை வளர்க்க நினைப்பவர்கள், புரதக் குறையை எப்படி ஈடுகட்டுவது என்று டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும். சேப்பங்கிழங்கு இலையும் தொட்டியிலிருக்கும் மணிபிளான்ட்டும் நாயின் வாயை ஊசியாய்க் குத்தும். அரளியோ உயிரையே வாங்கும்.

பெங்களூருக்கென்று இன்னொரு கவலையும் உண்டு. நகரின் கழிவுநீர் கலந்த ஏரி நீரில் விளையும் கீரையும் சந்தைக்கு வருகிறது. பெள்ளந்தூர் ஏரி நீர் பாயும் நிலங்களின் மண்ணிலும் பயிரிலும் கன உலோகங்கள் சேர்ந்திருப்பதை லோகேஸ்வரி, சந்திரப்பா ஆகியோர் 2006-ல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் பதிவு செய்தார்கள். இரண்டு மூன்று தண்ணீரில் அலசினால் மண்ணும் கொஞ்சம் பூச்சிமருந்தும் போகும். செடி வேர் வழியாக உறிஞ்சிய உலோகம் போகாது. எங்கே விளைந்தது என்று கீரைக்காரரைக் கேட்டு வாங்கலாம், மாடி இருந்தால் நாலு தொட்டியில் வளர்த்துக்கொள்ளலாம்.