பில் போடும் கம்ப்யூட்டருக்கு எந்த மதர்போர்டு?

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்துவிட்டது. பழைய கம்ப்யூட்டரில் பில் போட்டு வந்த நம்மவர்கள் பலர் புதிது வாங்குவதற்காகச் சேலத்துக்கும் ஈரோட்டுக்கும் போய்க் கொட்டேஷன் வாங்கி வருகிறார்கள். அப்படி ஒன்றை நம் ஊர் மளிகைக்கடைத் தம்பி ஒருவர் என்னிடம் காட்டினார். மதர்போர்டுக்கு மட்டும் இருபதாயிரத்துக்கு மேல் போட்டிருந்தது. "அண்ணா, இதுல ஓவர்கிளாக் பண்ணலாமாமுங்க, கம்ப்யூட்டர் பறக்குமாமுங்க" என்றார். ஆறேழு ஆயிரத்திலும் போர்டு கிடைக்கிறது. மீதிப் பணம் எதற்குப் போகிறது என்பதை விசாரித்து எழுதுகிறேன்.

எடப்பாடியில் விசைத்தறியைப் பற்றித் தெரியாதவர் இல்லை. மோட்டார் புல்லியைச் சற்றுப் பெரிதாக மாற்றினால் தறி வேகமாக ஓடும். கூடவே நூல் அறுவதும் தேய்மானமும் கூடும். ஓவர்கிளாக் என்பதும் அதுவே. கம்பெனி குறித்துக் கொடுத்த வேகத்துக்கு மேல் பிராசசரை ஓட்டுவது.

இந்த வித்தை ஒரு காலத்தில் சிக்கனக்காரர்களின் வித்தையாக இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1998 ஆகஸ்டில் இன்டெல் கம்பெனி செலரான் 300ஏ என்ற மலிவு பிராசசரை வெளியிட்டது. ஆயிரம் எண்ணம் எடுத்தால் ஒன்றுக்கு 149 டாலர். அதே மாதம் வந்த பென்டியம் 2, 450 மெகாஹெர்ட்ஸ் பிராசசரோ 669 டாலர். செலரானின் வேகக் கணக்கு 66 பெருக்கல் நாலரை, அதாவது 300. ஏபிட் என்ற தைவான் கம்பெனியின் பி.எச். 6 போன்ற போர்டுகளில் அந்த 66-ஐ 100 ஆக மாற்றி வைக்க முடிந்தது. நாலரையால் பெருக்கினால் 450! மலிவுச் சரக்கு, விலையுயர்ந்த சரக்கின் வேகத்துக்கு ஓடியது. பெரும்பாலான செலரான்கள் அந்த வேகத்தைத் தாங்கவும் செய்தன. அன்றைக்கு நல்ல போர்டுக்குக் கொடுத்த பணம் பிராசசரில் திரும்பி வந்தது. வியாபாரி என்ற முறையில் எனக்கு அந்தக் கணக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

கம்பெனிக்காரர்கள் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார்களா? 2011 முதல் இன்டெல் பெரும்பாலும் இதற்குப் பூட்டுப் போட்டுவிட்டது. பிராசசர் பெயரின் முடிவில் 'கே' என்ற எழுத்து இருக்க வேண்டும்; போர்டும் உயர்ந்த வகையாக இருக்க வேண்டும். 12, 13, 14-ஆம் தலைமுறைப் பிராசசர்களுக்கு வந்த போர்டுகளில் எச் 610 மலிவு, பி 760 நடுத்தரம், இசட் 790 உயர்வு. இசட் வகையில் மட்டுமே பிராசசரை முறையாக ஓவர்கிளாக் செய்ய அனுமதி. பி வகையில் ராம் வேகத்தை மட்டும் கூட்டலாம். ஏ.எம்.டி. கம்பெனி இதில் சற்றுத் தாராளம்: ஏ 620-இல் முடியாது, நடுத்தரமான பி 650-இலேயே முடியும். சிக்கனத்துக்காகச் செய்ததை இன்று கூடுதல் பணம் கொடுத்துச் செய்ய வேண்டியிருக்கிறது. பலனும் குறைவு. இப்போதைய பிராசசர்கள் தேவைப்படும்போது தாமாகவே வேகத்தைக் கூட்டிக்கொள்வதால், நாம் முறுக்குவதற்கு மிச்சம் அதிகம் இல்லை.

உயர்ந்த போர்டில் விஷயமே இல்லை என்று சொல்லவில்லை. மின்சாரத்தைப் பிராசசருக்கு ஏற்றபடி குறைத்துக் கொடுக்கும் பகுதி அதில் பலமாக இருக்கும். மேலே கனமான அலுமினியக் கட்டிகள் வைத்துச் சூட்டைக் கடத்துவார்கள். மலிவுப் போர்டில் அந்தப் பகுதி சிறியது, பலவற்றில் மூடியே இருக்காது. அதில் பெரிய ஐ 9 பிராசசரைப் போட்டால் சூடேறி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஐ 3, சாதாரண ஐ 5 என்றால் கவலை இல்லை. வீடியோ எடிட்டிங் செய்யும் ஸ்டூடியோக்காரர், விளையாட்டுப் பிரியர் வாங்கட்டும். நம் கம்ப்யூட்டரோ கல்லாவுக்குக் கீழே, மிளகாய்த் தூளும் மாவும் படிய, சித்திரை வெயிலில் ஓடுவது. அதை மேலும் முறுக்கிச் சூடேற்ற வேண்டாம். முறுக்கியதால் ஏற்படும் சேதத்துக்கு இன்டெல், ஏ.எம்.டி. இரண்டின் வாரண்டியும் கிடையாது. முறுக்காமலே 2024-இல் இன்டெல் 13, 14-ஆம் தலைமுறைப் பிராசசர்கள் சிலவற்றில் அளவுக்கு மீறிய வோல்டேஜால் கோளாறு வந்து, கம்பெனி வாரண்டியை 2 ஆண்டு நீட்டிக் கொடுத்ததைக் கவனத்தில் கொள்ளவும்.

பில் தாமதமாவதற்குக் காரணம் வேறு. பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டாலே டேலி திறக்கும் நேரம் வெகுவாகக் குறையும். ராம் 16 ஜி.பி. போதும்; எச் 610-இல் உள்ள இரண்டு இடங்களில் எட்டு எட்டாகப் போடலாம். மாதம் 20-ஆம் தேதி ஜி.எஸ்.டி. தளம் திணறினால் எந்த போர்டாலும் அதை இழுக்க முடியாது. மிச்சப் பணத்தில் நல்ல யு.பி.எஸ். வாங்குங்கள். தீபாவளிக்கு முதல் நாள் மாலை கரண்ட் போனால் அதன் அருமை தெரியும்.

இன்னொரு சங்கதி. நம் பழைய மானிட்டருக்கு வி.ஜி.ஏ. ஒயர்தான். மலிவுப் போர்டுகள் பலவற்றில் அந்தத் துளை இன்னும் இருக்கிறது, உயர்ந்த போர்டுகளில் பெரும்பாலும் இல்லை. எலக்ட்ரானிக் தராசை இணைக்கும் சீரியல் போர்ட் உண்டா என்றும் கேளுங்கள். பிராசசர் பெயர் 'எஃப்' என்று முடிந்தால் தனியாகக் கிராபிக்ஸ் கார்டு வாங்க வேண்டிவரும். விலை குறைவு என்று ஏமாற வேண்டாம்.

மலிவு என்றதும் அடிமட்டத்துக்கும் போகக் கூடாது. 2011-இல் வந்த எச் 61 வகைப் போர்டைப் புதுப் பெட்டியில் விற்பவர்கள் உண்டு. அதில் பொருந்தும் பிராசசர் எதையும் விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறையாவது வேண்டும், டி.பி.எம். 2.0 வசதியும் வேண்டும்.

பில் இல்லாமல் வாங்கினால் குறைத்துத் தருவதாகச் சொல்வார்கள். மதர்போர்டுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். வழக்கமான பதிவு உள்ளவர்களுக்கு அது உள்ளீட்டு வரியாகத் திரும்பக் கிடைக்கும். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்குக் கிடைக்காது. இரு தரப்பாரும் போர்டின் சீரியல் எண்ணைப் பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளவும்.