வீட்டுச் சுவரில் தொடுபலகை

நள்ளிரவில் எழுந்து விளக்கேற்ற விரும்பும் ஒருவர் முதலிற் செய்வது சுவரைத் தடவிப் பார்ப்பதேயாகும். கை ஆளியைக் கண்டுகொள்ளும், விரல் அதனை அழுத்தும், விளக்கு எரியும். இதற்குக் கண்ணொளியும் வேண்டியதில்லை, எழுத்தறிவும் வேண்டியதில்லை. இன்று சில வீடுகளில் அந்த ஆளி இருந்த இடத்தில் வழுவழுப்பான கண்ணாடிப் பலகையொன்று பொருத்தப்படுகின்றது. விளக்கு, மின்விசிறி, சாளரத்திரை, வாயிற்படலை ஆகிய யாவும் அதன்மீது விரல் வைத்தவுடன் இயங்குகின்றன. இதுவே தொடுபலகை எனப்படும். இப்பலகை வீட்டாருக்குத் துணையாவதும் தொல்லையாவதும் அதனை ஒழுங்கமைக்கும் முறையிலேயே தங்கியுள்ளது.

விரலால் தொட்டு இயக்கும் திரை நேற்றுத் தோன்றியதன்று. இங்கிலாந்தில் அரச ராடர் நிலையத்திற் பணியாற்றிய ஈ. ஏ. ஜோன்சன் என்பவர் 1965 ஆம் ஆண்டிலேயே இத்தகைய கருவியைப் பற்றி எழுதியுள்ளார். இன்றைய பலகைகளிற் பெரும்பாலானவற்றில், கண்ணாடியின் அடியிலே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மின்கடத்திப் படலம் உண்டு. விரல் அணுகும்போது அவ்விடத்தின் மின்கொள்ளளவம் மாறுகின்றது. அம்மாற்றத்தைக் கொண்டே விரல் பட்ட இடம் அறியப்படுகின்றது. கண்ணாடியில் நீர் படிந்திருப்பின் இக்கணிப்புப் பிழைபடலாம். ஆதலின், நீர்த்தொட்டியின் அருகே இதனைப் பொருத்துதல் நன்றன்று.

பழைய ஆளிக்கும் தொடுபலகைக்கும் இடையே அடிப்படையான வேறுபாடு ஒன்றுண்டு. விளக்குக்குச் செல்லும் மின்னோட்டம் பழைய ஆளியினூடாகவே செல்லும். தொடுபலகையோ செய்தியை மட்டுமே அனுப்பும். ஐரோப்பாவிற் பெருவழக்கிலுள்ள கே.என்.எக்ஸ் முறையை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 1990 இல் புரூசெல்ஸ் நகரில் தோன்றிய ஒரு சங்கத்தின் முயற்சியிலிருந்து வளர்ந்த இம்முறை, 2006 இல் சர்வதேச நியமமாக ஏற்கப்பட்டது. இதிலே ஏறத்தாழ 30 வோல்ற்று நேரோட்டம் பாயும் மெல்லிய இணைக்கம்பி ஒன்று வீடெங்கும் ஓடுகின்றது. பலகை அனுப்பும் செய்தி அக்கம்பி வழியே செல்லும். மின்பங்கீட்டுப் பெட்டியில் உள்ள இயக்கி அச்செய்தியைப் பெற்று விளக்கை ஏற்றும்.

அங்ஙனமாயின், எந்தச் செய்தி எந்த விளக்குக்கு உரியது என்பதை யார் தீர்மானிப்பது? ஒழுங்கமைத்தல் என்பது இதுவேயாகும். ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி ஒன்று வழங்கப்படுகின்றது. ஒவ்வொரு செயலுக்கும் குழு முகவரி ஒன்று வழங்கப்படுகின்றது. கோயில் மணி ஒலித்ததும் பூசகர் ஒரு வேலையையும், மேளகாரர் வேறொரு வேலையையும், அடியார் மற்றொன்றையும் செய்கின்றனர். தன்னைக் கேட்போர் யாவர் என்பதை மணி அறியாது. குழு முகவரியும் அத்தகையதே. பலகை ஒரு முகவரிக்கு ஒரு செய்தியை விடுக்கும்; அம்முகவரியோடு இணைக்கப்பட்ட கருவிகள் யாவும் தத்தம் பணியை ஆற்றும். ‘உறக்கம்’ என்னும் ஒரே தொடுகையால் கூடத்து விளக்குகள் அணைவதும், நடைவழி விளக்கு மங்குவதும், திரைகள் மூடுவதும் இவ்வாறே நிகழ்கின்றன.

செய்தி செல்லும் வழியை மட்டும் அமைத்தால் வேலை முடிந்துவிடாது. விடை வரும் வழியையும் அமைத்தல் வேண்டும். ஒருவர் கூடத்திலுள்ள பலகையில் விளக்கை ஏற்றுகின்றார்; மற்றொருவர் வாசலிலுள்ள ஆளியால் அதனை அணைக்கின்றார். விளக்கின் நிலையை இயக்கி திருப்பி அறிவியாவிடின், அணைந்த விளக்கு எரிவதாகவே பலகை காட்டிக்கொண்டிருக்கும். பொய் சொல்லும் பலகையை வீட்டார் விரைவில் நம்பாது விடுவர்.

இவ்வேலையைக் கணினியின் முன் அமர்ந்து தொடங்குதல் தவறு. தாளும் பென்சிலும் கொண்டு வீட்டைச் சுற்றி வருதலே முதற்படி. யார் எந்நேரத்தில் எங்கு நடமாடுகின்றனர், எந்த விளக்கு நாள்தோறும் தேவைப்படுகின்றது என்பன குறித்துக்கொள்ளப்படல் வேண்டும். நாள்தோறும் பயன்படுவன முதற்பக்கத்தில் இடம்பெற வேண்டும். அவை ஐந்தாறுக்கு மேற்படாதிருத்தல் நலம். ‘விளக்கு 7’ என்று எழுதுவதிலும் ‘அம்மாவின் அறை’ என்று எழுதுதலே சிறந்தது. முதியோரின் விரலுக்கேற்ப அவை பெரியனவாக இருத்தல் வேண்டும். இரவிலே பலகையின் ஒளி கண்ணைக் கூசச் செய்யாது, இருக்குமிடத்தை மட்டும் காட்டினாற் போதும். வாயிற்படலை, நீர்ப்பம்பி போன்றன குழந்தையின் தற்செயலான தொடுகையால் இயங்காவண்ணம், நீண்ட அழுத்தத்தாலோ இரகசிய எண்ணாலோ காக்கப்படல் வேண்டும்.

மின்தடையும் மறக்கற்பாலதன்று. மின்சாரம் மீண்டும் வரும்போது ஒவ்வொரு விளக்கும் எரிய வேண்டுமா, அணைந்திருக்க வேண்டுமா, முன்னிருந்த நிலைக்குத் திரும்ப வேண்டுமா என்பதை இயக்கியில் முன்கூட்டியே குறிப்பிடலாம். 2022 ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுகளைக் கண்ட இலங்கை மக்களுக்கு இதன் தேவையை விரித்துரைக்க வேண்டியதில்லை. பின்னிரவில் மின்சாரம் வந்ததும் வீடு முழுவதும் ஒளிவெள்ளமாகி உறங்குவோர் விழித்தெழுதல், இக்குறிப்பைக் கவனியாததன் விளைவாகவும் இருக்கலாம்.

இறுதியாக ஒன்று. முகவரிகளும் இணைப்புகளும் அடங்கிய திட்டக்கோப்பையும் அதன் கடவுச்சொல்லையும் வீட்டுரிமையாளர் கேட்டுப் பெற்றுக்கொள்ளல் வேண்டும். அமைத்தவர் ஊரைவிட்டுச் சென்றபின் அக்கோப்பு இல்லையெனில், சிறு மாற்றமும் பெருஞ்செலவாக முடியலாம். சிலவேளை யாவற்றையும் முதலிலிருந்தே அமைக்க நேரும். வீடு தம்முடையதாயினும் அதன் விளக்குகள் பிறர் கையில் இருப்பதற்கு அது ஒப்பாகும்.

படுக்கையருகிலும் குளியலறை வாசலிலும் விரலால் தடவியறியத்தக்க ஆளியொன்றை விட்டுவைத்தல் பின்னடைவன்று; அதுவும் நல்ல ஒழுங்கமைப்பின் ஒரு கூறேயாகும். வேலை முடிந்தபின், அமைத்தவர் தாமே இயக்கிக் காட்டுவது போதிய பரீட்சை ஆகாது. வீட்டிலுள்ள மூதாட்டி ஒருவர், எவரும் சொல்லிக்கொடாமலே, இருட்டில் எழுந்து தமக்கு வேண்டிய விளக்கை ஏற்றுவாராயின், அப்பலகை செவ்வனே அமைக்கப்பட்டது எனலாம்.